தோழரைப் போற்றுவோம்: சிறு இன்பமும் பொது நலமும்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இடமும் கிடைத்துவிட்டால் வாழ்க்கை நிறைவு பெற்றுவிடும் என்று எண்ணுவோர் உளர். ஆயினும், இம்மூன்றையும் குறைவறப் பெற்ற ஒருவர், நாள் முடிவில் தம் இன்பத்தையும் துன்பத்தையும் எடுத்துரைக்க ஒரு தோழர் இன்றி இருப்பாராயின், அவர் வாழ்வில் ஒரு வெறுமை இருக்கவே செய்யும். அவ்வெறுமையைப் பொருளால் நிரப்ப இயலாது.

தோட்டப்புற மக்களாகிய நமக்கு இவ்வுண்மையைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் வாழ்ந்த லயங்களில் இரு குடும்பங்களுக்கு இடையே ஒரு பலகைச் சுவரே இருந்தது. ஒரு வீட்டில் குழந்தை விடாது அழுதால் அடுத்த வீட்டில் விளக்கு ஏற்றப்படும். ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் அச்செய்தி அடுத்த வீட்டுக்குத் தானே எட்டிவிடும். உறவினரைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்களுக்கு அண்டை வீட்டாரே அண்ணனாகவும், அக்காளாகவும், மாமனாகவும் அமைந்தனர்.

நட்பைப் பற்றிப் பேசும்போது, உயிரைக் கொடுத்த தோழர்களையும் நாட்டைத் துறந்த நண்பர்களையும் எடுத்துக் காட்டுவது வழக்கம். இப்பாடத்தில் நாம் அத்தகையோரை ஆராயப் புகவில்லை. அன்றாட வாழ்வின் சிறு இன்பங்களைப் பிறரோடு பகிர்ந்துகொண்டு, அவ்வழியே தம்மைச் சூழ்ந்துள்ளோரைப் பொது நன்மைக்கு அழைத்துச் செல்லும் எளிய தோழர்களையே இங்குக் காண்கிறோம். இத்தகையோர் தோட்டந்தோறும் உளர். அவர்கள் பெயர் கல்லில் பொறிக்கப்படுவதில்லை. எனினும், நம் சமுதாயம் இந்நாட்டில் செய்து முடித்த பெருஞ்செயல்கள் சிலவற்றுக்கு அடித்தளமாக நின்றவர்கள் இவர்களே என்பதை இனி விளக்குவோம்.

வள்ளுவர் காட்டும் நட்பு

திருவள்ளுவர் நட்பை மிக விரிவாக ஆராய்ந்தவர். திருக்குறளின் 79ஆம் அதிகாரம் ‘நட்பு’ என்பது. அதனைத் தொடர்ந்து நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்னும் அதிகாரங்கள் அமைந்துள்ளன. ஐந்து அதிகாரங்களிலும் சேர்த்து ஐம்பது குறட்பாக்கள் நட்பின் நன்மையையும் தீமையையும் எடுத்துரைக்கின்றன. ஒரு பொருளுக்கு இத்துணை இடம் ஒதுக்கியதிலிருந்தே அவர் அதற்குத் தந்த மதிப்பை உணரலாம்.

நல்ல நூலை எத்தனை முறை படித்தாலும் புதிய இன்பம் தோன்றுவதைப் போலப் பண்புடையோர் நட்பும் பழகப் பழக இன்பம் தரும் என்பது அவர் கருத்து. சிரித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று நட்பு என்றும், தவறான வழியில் செல்லும்போது முன்வந்து தடுப்பதும் அதன் கடமையே என்றும் அவர் வற்புறுத்துகிறார். உடை நழுவும்போது கை தானே விரைந்து சென்று பற்றுவதைப் போல, நண்பனின் துன்பத்தை உடனே களைவதே நட்பு என்று அவர் காட்டும் உவமையைப் பள்ளிப் பருவத்திலேயே நம்மில் பலர் படித்திருக்கிறோம். கை அவ்வாறு செல்லும்போது நன்மை தீமைகளை எண்ணிப் பார்ப்பதில்லை, கைம்மாறு கேட்பதுமில்லை.

இதே வள்ளுவர், ‘ஒப்புரவறிதல்’ என்னும் 22ஆம் அதிகாரத்தில் வேறொரு காட்சியைக் காட்டுகிறார். ஊருக்கு உதவும் ஒருவரிடம் செல்வம் சேர்வது, ஊரார் நீர் எடுக்கும் குளம் நிறைந்ததைப் போன்றது என்றும், ஊர் நடுவே நிற்கும் பயன்மரம் பழுத்ததைப் போன்றது என்றும் அவர் கூறுகிறார். ஊர் நடுவே பழுத்த மரத்தை எண்ணிப் பாருங்கள். அதனிடம் செல்ல எவரும் தயங்குவதில்லை. சிறுவர் ஏறிப் பறிப்பர். முதியோர் உதிர்ந்ததைப் பொறுக்குவர். நிழலில் நால்வர் அமர்ந்து பேசுவர். பழத்தோடு மகிழ்ச்சியும் அங்குக் கிடைக்கிறது.

நட்பையும் ஒப்புரவையும் வள்ளுவர் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தார். நடைமுறை வாழ்வில் இவ்விரண்டும் ஒருவரிடத்திலேயே சேர்ந்து விளங்குவதை நாம் காணலாம். தம்மோடு இருப்பவரை மகிழ்விக்கத் தெரிந்தவரே, அவர்களைக் கொடுக்கவும் தூண்ட வல்லவர்.

வெட்டு முடிந்தபின் வரும் வேளை

பால்வெட்டுத் தொழிலின் காலக் கணக்கு ஏனைய தொழில்களின் கணக்கிலிருந்து வேறுபட்டது. மரப்பட்டையில் உள்ள பால்குழாய்களின் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறும், அழுத்தம் குறையும், பாலும் குறைவாகவே வடியும். ஆகவேதான் இருள் பிரியும் முன்னரே பெரட்டுக்குச் சென்று, தலைவிளக்கின் ஒளியில் கோடு சீவும் வழக்கம் தோன்றியது. மங்குகளில் வடிந்த பாலைத் திரட்டி, காண்டா வாளிகளில் சுமந்து வந்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பினால், பிற்பகல் வேளை பெரும்பாலும் நமக்கு உரியதாகிறது.

இந்தப் பிற்பகலும் மாலையுமே தோட்ட வாழ்வின் செல்வம். திடலில் பந்தாட்டம், வாசலில் தேநீர், வானொலியில் பாட்டு, கோயில் முன்றிலில் பேச்சு, வீட்டோரத்தில் கறிகாய்த் தோட்டம் ஆகிய அனைத்தும் இவ்வேளையில் அடங்கும். இவ்வேளையை ஒருவர் எவ்வாறு செலவிடுகிறார் என்பதைக் கொண்டே அவர் எத்தகைய தோழர் என்பதை அறிந்துகொள்ளலாம்.

இத்தொழிலில் வருவாய் குறையும் காலங்களும் உண்டு. மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க இயலாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது பால் வரத்து குறைந்துவிடும். ஒருவர் வீட்டில் மட்டுமன்றி, எல்லார் வீட்டிலும் ஒரே காலத்தில் கையிருப்பு குறையும் நிலை அது. செல்வர் ஒருவர் வந்து அனைவருக்கும் கொடுப்பார் என்று எதிர்பார்க்க இயலாத அந்நிலையில், உள்ளதைப் பகிர்ந்து உண்ணும் பழக்கமே குடும்பங்களைக் காத்தது. கொடுப்பவரும் ஏழை, பெறுபவரும் ஏழை என்னும் சூழலில் வளர்ந்த ஈகை நம்முடையது. அதன் அருமை இதுவே.

தோட்டந்தோறும் காணும் தோழர்கள்

இவ்வாறு நம்மைச் சூழ்ந்திருக்கும் நல்ல தோழர்களை நாம் சில வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாமவர், படித்துச் சொல்லும் தோழர். எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில், தோட்டத்துக்கு வரும் ஒரு நாளிதழைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்திருப்பர். ஒருவர் உரக்கப் படிப்பார், ஏனையோர் கேட்பர். கடிதம் எழுதத் தெரியாதோருக்கு அவரே கடிதம் எழுதித் தருவார். வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவார். அதில் உள்ள குடும்பச் செய்தியை வெளியே சொல்லாது காப்பார். இன்றும் இவருக்கு வேலை உண்டு. கைப்பேசியில் வரும் அறிவிப்பைப் புரிந்துகொள்ளவும், உதவித் தொகைக்கான படிவத்தை நிரப்பவும், பிள்ளைகளின் பள்ளிப் பதிவுக்கு வேண்டிய பத்திரங்களைத் திரட்டவும் முதியோர் இவரையே நாடுகின்றனர். தம் கல்வியைத் தமக்கு மட்டும் உரிய பொருளாகக் கருதாதவர் இவர்.

இரண்டாமவர், பயிர் வளர்க்கும் தோழர். இவர் வீட்டோரத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரு வரிசைக் கத்தரி, பந்தலில் அவரை என இருக்கும். இவற்றைத் தம் வீட்டுக்கென மட்டும் அவர் நடுவதில்லை. “அக்கா, முருங்கை காய்த்துத் தொங்குகிறது; பிள்ளைகளை அனுப்பிப் பறித்துக்கொள்ளுங்கள்” என்று வேலிக்கு அப்பால் குரல் கொடுப்பார். புதிதாகக் குடிவந்தவருக்கு அவர் தரும் முதற்பரிசு ஒரு முருங்கைக் கொம்பாக இருக்கும். அக்கொம்பு வேரூன்றிக் காய்க்கத் தொடங்கும்போது, குடிவந்தவரும் கொடுப்பவராக மாறிவிடுகிறார். கொடுத்தவர் சென்றபின்னும் தொடரும் கொடை இது.

மூன்றாமவர், விழாவை நடத்தும் தோழர். திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும், பந்தாட்டக் குழுவுக்கு இளைஞரைத் திரட்டுவதும், பொங்கல் அன்று கோலப் போட்டி வைப்பதும் இவர் பணி. தம் வீட்டு வானொலியின் ஒலியைக் கூட்டி, ஒரு வரிசை லயம் முழுவதும் நேயர் விருப்பப் பாடலைக் கேட்கச் செய்தவர் இவரே. மலாய்க்காரரும் சீனரும் ஆகிய நண்பர்களைத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைப்பவரும், நோன்புப் பெருநாளன்று கம்பத்து நண்பர் வீட்டுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்பவரும் இவரே. 1970ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் தன் ஐந்து நெறிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. அந்நெறி நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதை இத்தகைய தோழரின் வாசலில் காணலாம்.

நான்காமவர், அறியாமல் கொடுக்கும் தோழர். இவர் வீட்டில் அரிசி மிகுந்திருப்பதில்லை. எனினும், அண்டை வீட்டில் வேலைக்குச் செல்ல இயலாது ஒருவர் படுத்திருக்கும்போது, “இன்று சற்று அதிகமாகப் பொங்கிவிட்டேன், வீணாகிவிடும், வாங்கிக்கொள் தங்கச்சி” என்று பின்வாசல் வழியே பாத்திரத்தை நீட்டுவார். அவர் அதிகமாகப் பொங்கியது தவறுதலால் அன்று என்பது இருவருக்கும் தெரியும். பெறுபவரின் மானத்தைக் காத்துக் கொடுக்கும் இக்கொடை, பெயர்ப் பலகையோடு வழங்கப்படும் நன்கொடையினும் உயர்ந்தது.

இந்நால்வரிடத்தும் பொதுவாக அமைந்த பண்பு ஒன்று உண்டு. இவர்கள் அறிவுரை கூறுவதைக் காட்டிலும் வாழ்ந்து காட்டுவதே மிகுதி. இவர்களோடு இருப்பது இன்பமாக இருப்பதால், இவர்களைப் போல் இருக்க வேண்டும் என்னும் விருப்பம் பிறருக்குத் தானே உண்டாகிறது. ஒரு வீட்டில் முருங்கை காய்த்தால், அடுத்த ஆண்டில் ஐந்து வீடுகளில் முருங்கை நிற்கும்.

ஒரு வெள்ளி செய்த வேலை

சிறு இன்பங்களைப் பகிரும் இப்பழக்கம் பெருஞ்செயலுக்கு எவ்வாறு வழிவகுக்கும்? நம் வரலாற்றிலிருந்து இரண்டு சான்றுகளைக் காண்போம்.

சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியவர் கோ. சாரங்கபாணி. பொங்கலையொட்டித் தமிழர் அனைவரும் ஒன்றுகூட வேண்டும் என்னும் நோக்கத்துடன், 1952ஆம் ஆண்டில் ‘தமிழர் திருநாள்’ விழாவுக்கு அவர் வித்திட்டார். அவ்விழா மலாயாவின் பல ஊர்களுக்கும் பரவியது. பேச்சுப் போட்டி, கலை நிகழ்ச்சி, விளையாட்டு என மக்கள் மகிழ்ந்து கூடும் வாய்ப்பாக அது அமைந்தது.

அதே பத்தாண்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று அவர் குரல் எழுப்பினார். தமிழ் நூல்களை வாங்குவதற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. செல்வரிடம் பெருந்தொகை கேட்பதோடு நில்லாமல், எளிய மக்களிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று அவர் கேட்டார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் மகிழ்ந்து கொடுத்தனர்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்காலத்தில் ஒரு வெள்ளி என்பது கூலித் தொழிலாளிக்குச் சிறு தொகை அன்று. கொடுத்தவருள் பலர் பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் கண்டதில்லை. தம் பிள்ளைகள் அங்குச் சென்று படிப்பர் என்னும் உறுதியும் அவர்களுக்கு இல்லை. இதழில் வந்த வேண்டுகோளைத் தாமே படிக்க இயலாதோரும் அவர்களிடையே இருந்திருப்பர். மரத்தடியில் நாளிதழைப் படித்துக் காட்டும் தோழர் இல்லாதிருந்தால், அவ்வேண்டுகோள் அவர்கள் செவிக்கு எட்டியிருக்குமா? மாலைதோறும் தமக்கு இன்பம் தந்த ஒருவர் சொன்ன சொல்லாதலால் அவர்கள் நம்பினர், நம்பியதால் கொடுத்தனர். தலைவர் எழுதிய எழுத்துக்கும் தொழிலாளி கொடுத்த வெள்ளிக்கும் நடுவே பெயர் அறியப்படாத தோழர்கள் நின்றனர்.

தோட்டத்தை வாங்கிய தோழமை

இரண்டாவது சான்று இதனினும் நமக்கு நெருக்கமானது.

1950ஆம் ஆண்டுகளில், நாடு விடுதலை பெறும் காலத்தை ஒட்டி, வெளிநாட்டு நிறுவனங்கள் பல தம் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் சிலர் அத்தோட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்று வழங்குகிறோம். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதியுள்ளார்.

துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளி இழந்தது வேலையை மட்டும் அன்று. வீடு தோட்டத்துக்கு உரியது. ஆகவே வேலையோடு வீடும் போயிற்று. பிள்ளைகளின் பள்ளி, வழிபட்ட கோயில், மருந்தகம் ஆகியவற்றின் எதிர்காலமும் ஐயத்துக்கு இடமாயிற்று. யாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகளாகப் பழகிய அண்டை வீட்டார் திசைக்கு ஒருவராகப் பிரிந்தனர்.

இந்நிலையில், அமைச்சராகவும் ம.இ.கா.வின் தலைவராகவும் விளங்கிய வீ. தி. சம்பந்தன், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் வருவாயில் சிறு தொகையைச் சேமித்துப் பங்கு வாங்குவது, அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்குவது என்பதே அதன் திட்டம். அவரும் அவர் துணைவியாரும் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைச் சந்தித்து இதனை விளக்கினர். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். பின்னர்ப் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. அவர் 1979ஆம் ஆண்டில் மறைந்தார். கோலாலம்பூரில் உள்ள சங்கத்தின் தலைமையகக் கட்டடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

துன் சம்பந்தனின் தொலைநோக்கைப் போற்றும் நாம், பங்கு வாங்கிய தொழிலாளியின் மனத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைக்கு வரும் சிறு கூலியில் ஒரு பகுதியை, தாம் காணாத ஒரு சங்கத்திடம் ஒப்படைப்பது எளிதன்று. “இப்பணம் திரும்பி வருமா?” என்னும் ஐயம் எவருக்கும் எழும். தலைவர் ஒரு மாலை வந்து பேசிவிட்டுச் சென்றுவிடுவார். அதன்பின் எழும் ஐயங்களுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவர் அதே லயத்தில் வாழும் தோழரே. மழை நாளில் தமக்கு அரிசி கொடுத்தவர், தம் குழந்தையின் நோய்க்கு நள்ளிரவில் மிதிவண்டியில் சென்று மருந்து வாங்கி வந்தவர், “அண்ணே, நானும் சேர்ந்திருக்கிறேன், நீங்களும் சேருங்கள்” என்று கூறும்போது அச்சொல்லுக்கு ஓர் எடை உண்டு. கூட்டுறவு என்பது சட்டப்படி பதிவு பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் மனத்தில் பதிவு பெற்றிருந்தது.

இவ்விரு சான்றுகளும் நமக்கு உணர்த்துவது இது: ஒன்றாகச் சிரிக்கப் பழகியவர்களே ஒன்றாகக் கொடுக்கவும் துணிகின்றனர். பொதுப்பணிக்கு ஆள் சேரவில்லை என்று வருந்தும் சங்கத்தார், முதலில் மக்கள் மகிழ்ந்து கூடுவதற்கு இடம் உண்டா என்று பார்த்தல் நலம்.

நட்பும் பணமும்

நட்பின் பெயரால் நிகழும் தீமைகளையும் இப்பாடத்தில் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கியது காரணமின்றி அன்று.

சம்பள நாளன்று மட்டும் தோளில் கை போட்டு வருபவர் நண்பர் அல்லர். ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துப் பத்துக் கோப்பைக்கு வழிகாட்டுபவரும் நண்பர் அல்லர். கள்ளும் மலிவான சாராயமும் எத்தனை தோட்டக் குடும்பங்களைச் சிதைத்தன என்பதை நம் பெரியோர் அறிவர். அவற்றின் வாயிலுக்கு முதன்முதலில் அழைத்துச் சென்றவர் பெரும்பாலும் ஒரு ‘நண்பர்’ ஆகவே இருந்தார். உண்மையான இன்பம் மறுநாட்காலை வெட்கத்தைத் தருவதில்லை. இந்த அளவுகோலை வைத்து எந்த நட்பையும் அளந்து பார்க்கலாம்.

அடுத்தது கடன். மளிகைக் கடைக்காரரிடம் 555 என்னும் எண் அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்று இருக்கும். நாம் கடனுக்கு வாங்கியது அதில் ஏறும்; சம்பள நாளில் கழியும். கடைக் கணக்குக்கு அது வேண்டியதே. அண்டை வீட்டார் செய்த உதவியை அத்தகைய கணக்கில் ஏற்றலாகாது. எனினும், நண்பரிடம் கடனாக வாங்கிய பணத்தை உரிய நாளில் திருப்பிக் கொடுக்கும் கடமை நமக்கு உண்டு. “நண்பர்தானே” என்று காலம் தாழ்த்துவது நட்பைச் செலவழிப்பதாகும்.

‘கூட்டு’ என்று நாம் வழங்கும் சீட்டுப் பணத்திலும் எச்சரிக்கை தேவை. நண்பர்களின் நம்பிக்கையைக் காட்டிப் பெருந்தொகை திரட்டி, பின்னர் மறைந்துவிடுவோரால் பல குடும்பங்கள் சேமிப்பை இழந்துள்ளன. இத்தகைய கூட்டு நிதியை ஒரு தொழிலாக நடத்துவதை நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்பதே பாதுகாப்பானது. அங்குக் கணக்கு உண்டு, தணிக்கை உண்டு, கேள்வி கேட்கும் உரிமையும் உறுப்பினருக்கு உண்டு. நண்பர் மீது நம்பிக்கை வைப்போம். பொதுப் பணத்துக்குக் கணக்கு வைப்போம். கணக்குக் கேட்பதால் நல்ல நட்பு கெடுவதில்லை.

இன்றைய நிலையும் நம் கடமையும்

இன்று தோட்டப்புறம் பெரிதும் மாறியுள்ளது. ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. பல குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துள்ளன. அங்குச் சுவர்கள் கல்லால் ஆனவை. அடுத்த வீட்டில் எவர் இருக்கிறார் என்பதும் அறியாது ஆண்டுகள் கழிகின்றன. தோட்டத்தை விட்டுச் செல்லும்போது பாத்திரங்களையும் படங்களையும் எடுத்துச் செல்வோர், பழகும் பழக்கத்தையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். குடிபுகுந்த முதல் வாரத்திலேயே அண்டை வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் கேட்டறிவது அதற்குரிய முதற்படி.

தோட்டத்திலேயே தொடர்ந்து வாழ்வோருக்கும் ஒரு கடமை உண்டு. இன்று இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் நம்மோடு தோட்டங்களில் உழைக்கின்றனர். உறவினரைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்த நம் முன்னோரின் நிலையே இன்று அவர்கள் நிலை. ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு நல்ல சொல்லும் அவர்களுக்கு எத்துணை ஆறுதல் தரும் என்பதை நம்மைவிட நன்கு உணரக்கூடியவர் எவர்?

பொதுப்பணிக்குப் பெரிய திட்டம் வேண்டுவதில்லை. கையில் உள்ள ஒன்றிலிருந்தே தொடங்கலாம். எடுத்துக்காட்டாக, வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் விடப்பட்ட மங்குகளில் மழைநீர் தேங்கும். அந்நீரில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் சேர்ந்து கோத்தோங் ரோயோங் முறையில் மங்குகளைக் கவிழ்த்து வைத்தால், நோயிலிருந்து பல குடும்பங்கள் காக்கப்படும். பணி முடிந்தபின் அனைவரும் சேர்ந்து அமர்ந்து பசியாறினால், அடுத்த முறை இருபது பேர் வருவர். உழைப்போடு உணவையும் பேச்சையும் சேர்க்கத் தெரிந்த தோழரே இங்கும் தேவைப்படுகிறார்.

தோழரைப் போற்றும் முறை

ஐக்கிய நாட்டு நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ஜூலை 30ஆம் நாளை அனைத்துலக நட்பு நாளாக அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு நாள் நட்பை நினைவுகூர்தல் நன்றே. எனினும், நம்மிடையே ஒரு குறை இருந்து வருகிறது. நல்லவர் ஒருவர் மறைந்தபின் அவர் பெருமையை மணிக்கணக்கில் பேசுகிறோம்; அவர் வாழும்போது ஒரு சொல்லும் சொல்வதில்லை. இறுதி ஊர்வலத்தில் இடப்படும் மாலையை அவர் காண்பதில்லை.

தோழரைப் போற்ற மேடையும் பொன்னாடையும் இன்றியமையாதவை அல்ல. “உங்களால்தான் என் மகன் பள்ளிக்குத் தொடர்ந்து சென்றான், அண்ணே” என்று அவர் முகம் நோக்கிச் சொல்லும் ஒரு சொல் போதும். அவர் கற்றுத் தந்ததை நாம் இன்னொருவருக்குக் கற்றுத் தருவது அதனினும் சிறந்த போற்றுதல். அவர் கொடுத்த முருங்கைக் கொம்பிலிருந்து ஒரு கொம்பை வெட்டி, புதிதாக வந்தவர் வீட்டில் நட்டுக் கொடுப்பது அவருக்கு எழுப்பும் நினைவுச் சின்னமாகும். முதுமை அடைந்து வாசலில் தனித்து அமர்ந்திருக்கும் அத்தோழரிடம் நாள்தோறும் பத்து நிமிடம் சென்று பேசுவது, நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்ப்பதாகும்.

பிள்ளைகளிடமும் இவர்களைப் பற்றிச் சொல்லுவோமாக. மன்னரையும் தலைவரையும் பற்றிப் பள்ளி நூல்கள் சொல்லும். மூன்றாம் வரிசை லயத்தில் வாழ்ந்து, நாளிதழைப் படித்துக் காட்டியவரைப் பற்றி நாம் சொன்னாலன்றி எந்த நூலும் சொல்லாது.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

மாலை வேளையில் நால்வர் கூடும்போது பின்வரும் வினாக்களைப் பற்றிப் பேசலாம்.

1. நம் தோட்டத்தில் படித்துச் சொல்லும் தோழர், பயிர் வளர்க்கும் தோழர், விழாவை நடத்தும் தோழர் ஆகியோர் எவர் எவர்? அவர்களுக்கு நாம் கடைசியாக நன்றி கூறியது எப்பொழுது?

2. பெறுபவரின் மானம் கெடாமல் கொடுப்பதற்கு நாம் அறிந்த வழிகள் யாவை?

3. நம் தோட்டத்துச் சங்கங்கள் திரட்டும் பணத்துக்கு ஒழுங்கான கணக்கு உண்டா? உறுப்பினர் அதனைப் பார்வையிட இயலுமா?

4. அண்மையில் நம் தோட்டத்துக்கு வந்தவர் எவர்? அவர் வீட்டுக்கு நம்மில் எவர் முதலில் செல்வது?

5. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் சேர்ந்து செய்யத்தக்க பணி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அன்று பசியாறுவதற்கு என்ன சமைப்பது என்பதையும் உடன் முடிவு செய்க.